எப்படித் தாக்கப்போகிறாய், சாம்?

எப்படித் தாக்கப்போகிறீர்கள் என்று என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். எப்போது வந்தீர்கள், எப்போது கிளம்புகிறீர்கள், அங்கே தோசைமாவு கிடைக்கிறதா, பெண்ணுக்கு இடம் பார்க்கிறீர்களா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். தாக்குதலைப் பற்றி விசாரித்தது ஒரு தொலைக்காட்சிப் பெட்டிதான். ஒஹையோ மாநிலத்தில் யாரும் கேள்விப்பட்டிராத ஒரு சிற்றூர். வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுக் கீழறையில், தோல் கிழிந்த ஒரு சோபாவில், கையில் வீடியோ கேம் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். திரையில் தலைக்கவசம் போட்ட மலைபோன்ற மனிதர்கள் வரிசையாக நின்று என்னையே பார்த்தார்கள். உன் அஃபென்ஸ் எது, அதாவது தாக்கும் முறை எது, தேர்ந்தெடு என்று எழுத்து ஓடியது. பக்கத்தில் இருந்த டேல், "எப்படித் தாக்கப்போகிறாய், சாம்?" என்று அதையே வாயாலும் கேட்டார். நான் சங்கடத்தோடு, "உங்களுக்கு எது வசதியோ அப்படி" என்று சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காப்பி சோபாவில் சிந்தியது.

சாம் என்பது நான்தான். பிறந்தது துடியலூரில், பெயர் முத்துசாமி. பீளமேட்டில் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவில் இருந்தேன். அங்கிருந்து இங்கே இன்னொரு பம்ப் கம்பெனிக்கு வந்து சேர்ந்தேன். தண்ணீரைக் கீழேயிருந்து மேலே தள்ளுவதைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது. வந்த புதிதில் அலுவலகம் போனேன். பிறகு வீட்டிலிருந்தே வேலை என்று ஆகிவிட்டது. மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். மனைவி கவிதா மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறாள், சனிக்கிழமையும் உண்டு. ஆக, வாரம் முழுக்க நான் பேசுவது கணினியோடும், அதற்குள் சதுரம் சதுரமாகத் தெரியும் முகங்களோடும்தான். இந்த ஊரில் என் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஒரே மனிதர் டேல். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, மகள் வேறு மாநிலத்தில். நாங்கள் குடிவந்த முதல் வாரமே கதவைத் தட்டினார். வரவேற்கத்தான் வந்திருக்கிறார் என்று கவிதா காப்பி போட ஓடினாள். குப்பைத் தொட்டியைத் தெருவில் திருப்பி வைத்திருக்கிறீர்கள், கைப்பிடி வீட்டுப் பக்கம் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படிப்பட்டவரோடுதான் எனக்கு ஸ்நேகம் உண்டானது. இந்தக் கதையில் நான் கிட்டத்தட்ட இழந்து நின்றது அந்த ஒரு கதவுத் தட்டலைத்தான்.

விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இவர்கள் ஃபுட்பால் என்று சொல்வதில் காலுக்கு அதிக வேலை கிடையாது. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரணியின் எல்லைவரை போகவேண்டும். பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள். முன்னேறிவிட்டால் இன்னும் நான்கு. முடியாவிட்டால் பந்து எதிராளிக்கு. மூன்று வாய்ப்பிலும் ஒன்றும் தேறவில்லை என்றால் பெரும்பாலோர் நாலாவதில் பந்தைத் தூரமாக உதைத்து எதிராளிக்குக் கொடுத்துவிடுவார்கள். நம் ஊரில் துணி அளக்கிற கெஜத்தை வைத்து இவர்கள் சண்டை போடுவது எனக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று. வீடியோ கேமில் இதையெல்லாம் விரல்களால் செய்யவேண்டும். அதற்கு முன்னால் உன் அணி எப்படித் தாக்கும் என்பதைத் தீர்மானிக்கவேண்டும். பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே ஓடுவது ஒரு முறை. சின்னச் சின்னதாக வீசி வீசிப் போவது இன்னொன்று. ஆட்களை மைதானம் முழுக்க விரித்து நிறுத்தி எதிராளியைக் குழப்புவது மூன்றாவது. நாலாவது டேலின் முறை. அவர் பந்தை வானத்துக்கு எறிவார். யாராவது பிடித்தால் ஒரே வீச்சில் பாதி மைதானம். பிடிக்காவிட்டால், "இன்னொரு தடவை" என்பார். அறுபது தாண்டிய மனிதர், பேருந்தை வேக வரம்புக்குள்ளேயே ஓட்டிக் காலத்தைக் கழித்தவர், கீழறைக்கு வந்தால் இப்படி ஆடுவார்.

நான் ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். யோசித்தெல்லாம் எடுக்கவில்லை, பந்து கையை விட்டுப் போவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. மூன்று கெஜம், நான்கு கெஜம், விழு, எழு, மறுபடி இரண்டு கெஜம். எங்கள் ஆட்கள் ஒரு காரியத்தை எப்படிச் செய்வார்களோ அப்படி. வேலியை ஒட்டிப் பக்கத்து நிலத்தில் கொஞ்சம், அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம். டேலுக்கு என் ஆட்டத்தைப் பார்த்தால் கொட்டாவி வரும். "சாம், நீ விளையாடவில்லை, புல் வெட்டுகிறாய். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு கோடு விடாமல்" என்பார். அவரே வாரம் தவறாமல் புல் வெட்டுகிற ஆள் என்பதால் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். அந்தக் குளிர்காலம் முழுக்கத் தோற்றேன். வசந்தத்திலும் கோடையிலும் தோற்றேன். உள்ளபடியே, உண்மையாகவே தோற்றேன். ஆனால் என் தோல்விகளின் அளவு மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. அவர் வீச வாய்ப்புக் கிடைக்காமல் பந்தை நானே வைத்துக்கொண்டு கடிகாரத்தைக் கரைக்கக் கற்றுக்கொண்டேன். இலை உதிர்காலம் வந்தபோது நான் ஜெயிக்கிற நிலைக்கு வந்துவிட்டேன். அதே சமயத்தில் டேல் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போனார். எல்லாக் குழப்பமும் அங்கேதான் தொடங்கியது.

இந்த இடத்தில் வெள்ளகோவிலுக்கு ஒரு நடை போய்வரவேண்டும். கவிதாவின் ஊர் அது. கல்யாணமாகி வந்த முதல் ஆடிக்கு மாமனார் வீட்டில் அழைத்திருந்தார்கள். ஆட்டுக்கறி, கோழி, பணியாரம் என்று விடியற்காலையிலிருந்தே உபசாரம். பந்தியில் போதுங்க என்றால் இன்னொரு கரண்டி விழும். நிசமாலுமே போதுங்க என்றால் இன்னும் ஒன்று. இலைமேல் கையைக் குறுக்கே நீட்டிப் படுக்காத குறையாகத் தடுத்தால்தான் நம்புவார்கள். முதல் தடவையிலேயே போடுங்க என்று கேட்கிற மாப்பிள்ளைக்கு ஊரில் வேறு பெயர். சாப்பிட்டு முடித்ததும் மாமனார் ஹாலில் ஃபேனுக்குக் கீழே கேரம் போர்டைப் போட்டார். காங்கயம் ரோட்டில் தேங்காய்க் களம் வைத்திருந்த மனிதர், நல்ல கைக்காரர். "வாங்க மாப்ள, ஒரு ஆட்டம் போடலாமுங்க. நீங்களே மொதல்ல அடிங்க" என்றார். "நீங்க அடிங்க மாமா" என்றேன். இதிலேயே ஒரு பொழுது போயிற்று. கடைசியில் ஆளுக்கு ஒரு காய் மிச்சம். இரண்டும் குழிக்கு வெகு அருகில், ஊதினால் விழுந்துவிடும். புது மாப்பிள்ளை, முதல் ஆடி, மாமனாரை அவர் வீட்டிலேயே ஜெயிப்பதா? நான் தவறவிட்டேன். அவர் அடித்தார், அதுவும் தவறியது. நான் மறுபடியும் தவறவிட்டேன். அவரும். எதிரே உட்கார்ந்திருந்த மச்சினன் தூங்கிவிட்டான். மாமியார் வந்து, "காப்பி ஆறிப்போச்சுங்க, எந்திரிச்சு வாங்க" என்று கூப்பிடும்வரை அந்த இரண்டு காய்களும் விழவே இல்லை. இருவரும் போர்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தோம். மனசு நிறைந்திருந்தது.

இப்போது கீழறைக்குத் திரும்புகிறேன். டேல் மருத்துவமனையிலிருந்து ஊன்றுகோலோடு வந்தார். நான் போய்ப் பார்த்தபோது படியிறங்கித்தான் ஆவேன் என்று பிடிவாதமாக ஒவ்வொரு படியாக இறங்கி, வேர்த்துப்போய்ச் சோபாவில் விழுந்து, கன்ட்ரோலரை எடுத்தார். ஆட்டம் தொடங்கியது. கால்வாசி நேரத்தில் நான் முன்னிலையில் இருந்தேன். மூத்த மனிதர், உடம்பு சரியில்லாதவர், அவர் வீடு, அவர் சோபா, அவர் போட்ட காப்பி. இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் எந்தத் துடியலூர்க்காரனாவது ஜெயிப்பானா? ஓடிக்கொண்டிருந்த நான் திடீரென்று ஒரு வீச்சு வீசினேன். அவருடைய ஆட்கள் மூன்று பேர் கும்பலாக நின்ற இடத்தைப் பார்த்து, பதமாக. ஒருவன் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினான். டேல் ஜெயித்தார். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அதற்கடுத்ததும். வீட்டுக்கு வந்து கவிதாவிடம் சொன்னேன், மனுசன் சந்தோசமா இருக்கார் என்று. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

நான்காவது தடவை அப்படி வீசியபோது டேல் ஆட்டத்தை நிறுத்தினார். திரையில் பந்து காற்றில் நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஒரு வருடமாக நீ ஓடுகிறாய். மழை பெய்தாலும் ஓடுகிறாய், தோற்றாலும் ஓடுகிறாய். பந்தை எறி என்று கெஞ்சினாலும் ஓடுவாய். நான் காலை அறுத்துக்கொண்டு வந்ததும் உனக்கு எறியத் தோன்றுகிறது. அதுவும் நேராக என் ஆளின் கைக்கு" என்றார். எப்போதும் எறிகிறவனாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன், அவனுக்கு நாலு பந்து தவறும், இயற்கை. ஓடுகிறவன் எறிந்தால் ஒளிக்க இடமே இல்லை. நான் தேர்ந்தெடுத்த ஆட்டமே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. "எனக்குக் களைப்பாக இருக்கிறது, சாம்" என்று அவர் தொலைக்காட்சியை அணைத்தார். இந்த நாட்டில் இந்த வாக்கியத்துக்கு எழுந்து போ என்று அர்த்தம்.

அடுத்த சனிக்கிழமை கதவு தட்டப்படவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. மத்தியானம் முழுக்க நான் ஜன்னலோரம் நின்று குப்பைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பிடியை வேண்டுமென்றே தெருப்பக்கமாகத் திருப்பி வைத்தும் பார்த்தேன், அதைச் சொல்லவாவது வருவார் என்று. அவர் ஊன்றுகோலோடு மெதுவாக நடந்து வந்தார், தொட்டியைப் பார்த்தார், தபால் பெட்டியைத் திறந்து மூடினார், போய்விட்டார். அன்று நான் உணர்ந்தது தனிமை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், பீளமேட்டு பஸ் ஸ்டாப்பில் நின்றால் அரை மணி நேரத்தில் நாலு பேராவது பைக்கை ஓரம் கட்டி, ஏனுங்க முத்து, எப்ப வந்தீங்க என்பார்கள். அத்தனையையும் விட்டுவிட்டு வந்த இடத்தில் ஒரே ஒருவர் கிடைத்தார். அவரையும் மரியாதையாக நடத்தி அனுப்பிவிட்டேன்.

எங்கள் வழக்கப்படி, முறிந்ததை ஒட்டச் சாப்பாடுதான் வழி. மூன்றாவது சனிக்கிழமை அரிசிம்பருப்பு சாதம் செய்தேன். துவரம்பருப்பும் அரிசியும் ஒன்றாகக் குழைய வெந்து, சின்ன வெங்காயம், பூண்டு, மேலே நெய். மூடி போட்ட பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு போய் டேல் வீட்டுக் கதவை நானே தட்டினேன். கதவு திறந்தது. அவர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பாத்திரத்தைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"நீயுமா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. காரம் கம்மியாகத்தான் போட்டிருக்கிறேன் என்றேன்.

"உள்ளே வா, காட்டுகிறேன்" என்று குளிர்பெட்டியைத் திறந்தார். உள்ளே தட்டுத் தட்டாகக் காஸரோல்கள், இவர்கள் அடுப்பில் சுட்டு எடுக்கிற கலவைச் சாப்பாடு. வெள்ளித்தாள் மூடி, மேலே பெயரெழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக. "இது சர்ச்சிலிருந்து. இது எதிர்வீடு. இதுவும் சர்ச். என் மகள் போனில் என்னிடம் கைக்குழந்தையிடம் பேசுகிற குரலில் பேசுகிறாள். கடையில் முன்பின் தெரியாதவன் என் கூடையைப் பிடுங்கித் தூக்குகிறான். எல்லாரும் நல்லவர்கள், எனக்குத் தெரியும். ஆனால் சாம், இந்த ஊரில் ஒரே ஒருத்தன்தான் என்னை அடித்துக் கீழே தள்ளுவதற்கு ஒரு வருடமாக உழைத்துக்கொண்டிருந்தான். அவனும் இப்போது பாத்திரத்தோடு வந்து நிற்கிறான்" என்றார். சொல்லிவிட்டு அரிசிம்பருப்பை வாங்கிக்கொண்டார். அடுக்கில் இடமில்லாமல் கதவுப் பக்கத் தட்டில் சொருகினார். நன்றி என்றும் சொன்னார். அந்த நன்றியைப்போல என்னைச் சுட்டது எதுவுமில்லை.

சாயங்காலம் கவிதா வேலை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் காலணியைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். வெள்ளகோவில்காரிக்கு நான் சொல்லி முடிப்பதற்குள் பாதி புரிந்துவிடும்.

"ஏனுங்க, அவரு என்ன உங்க மாமனாருங்களா, உட்டுக்குடுக்கறதுக்கு?"

"மாமனாருக்கு உட்டதும் மருவாதிக்குத்தானே. இதும் அதே மருவாதிதான்."

"நீங்க மட்டுமா உட்டீங்க? எங்கப்பாவும் வேணும்னேதான் உட்டாரு. அவரு கைக்கு அந்தக் காய் தப்புமுங்களா? ரெண்டு பேரும் தெரிஞ்சே உட்டா அது மருவாதி. ஒருத்தரு மட்டும் உட்டா, நீ இனி எதுக்கும் ஆகமாட்டேன்னு சொன்ன மாதிரிங்க."

மாமனாரும் வேண்டுமென்றேதான் தவறவிட்டார் என்பது எனக்கு ஒரு மாதிரி தெரிந்துதான் இருந்தது. ஆனால் யாரும் அதை வாயால் சொன்னதில்லை, சொல்லக்கூடாத விஷயம் அது. கவிதா அதை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு இட்லிக்கு ஊறவைக்கப் போனாள். போகிற போக்கில், "நாளைக்கு மறுபடி போங்க. ஆனா வெறுங்கையோட போங்க" என்றாள்.

வெறுங்கையோடு. படிக்கிறவர்களில் எங்கள் பக்கத்துக்காரர் யாராவது இருந்தால் அவருக்கு இந்தச் சொல்லின் பாரம் தெரியும். உடம்பு சரியில்லாதவர் வீட்டுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு ஆரஞ்சு, அட, ஒரு சீப்புப் பழமாவது இல்லாமல் போவதா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு வாசலுக்கும் டேல் வீட்டு வாசலுக்கும் நடுவே உள்ள பனியில் நடந்தபோது என் கைகள் இருக்கிற இடம் தெரியாமல் ஆடின. ஒரு தடவை திரும்பிப் போய் ஆப்பிளாவது எடுத்துவரலாமா என்று நின்றேன். ஜன்னலில் கவிதா நின்று போங்க என்று கையைக் காட்டினாள். டேல் கதவைத் திறந்தார். முதலில் என் கைகளைப் பார்த்தார். இரண்டையும் விரித்துக் காட்டினேன்.

"ஒன்றும் கொண்டுவரவில்லை. உங்களை அடிக்க வந்தேன்" என்றேன்.

ஆங்கிலத்தில் சொன்னபோது அது இன்னும் மோசமாக ஒலித்தது. தெருவில் நாயோடு போன ஒரு பெண் நின்று திரும்பிப் பார்த்தாள். டேல் அவளுக்குக் கையசைத்து, "ஃபுட்பால்" என்று சொல்லிவிட்டு என்னை உள்ளே விட்டார். படியிறங்கும்போதே நான் அவருக்கு விளக்கம் சொன்னேன். ஆடி மாதம், மாமனார், கேரம் போர்டு, விழாத காய்கள், பந்தியில் மூன்று தடவை கேட்டால்தான் மனதார வைக்கிறார்கள் என்று பொருள், எல்லாம். அவர் ஒரு படிக்கு ஒரு தடவை நின்று கேட்டார். "அப்படியானால் அந்த ஆட்டத்தில் கடைசியில் யார் ஜெயித்தது?" என்றார். யாரும் ஜெயிக்கவில்லை, காப்பி குடிக்கப் போய்விட்டோம் என்றேன். ஒரு அமெரிக்கரை இவ்வளவு கலவரப்பட்டு நான் பார்த்ததில்லை.

திரை மறுபடியும் கேட்டது, உன் அஃபென்ஸ் எது. இந்த முறை எனக்கு ஒரு ஆசை வந்தது. டேலைப் போல வானத்துக்கு எறியலாம், நானும் வீரன்தான் என்று காட்டலாம். விரல் அந்தப் பக்கம் போயும் விட்டது. பிறகு அதுவும் ஒரு உபசாரம்தான் என்று பட்டது, அவருக்குப் பிடித்த மாதிரி ஆடிக் காட்டுவது. ஓட்டத்துக்கே திரும்பினேன். "புல் வெட்டும் இயந்திரம் வந்துவிட்டது" என்றார் டேல். குரலில் பழைய எரிச்சல் இருந்தது. கேட்கவே நன்றாக இருந்தது.

அன்று நான் ஆடியதுபோல் என்றும் ஆடியதில்லை. மூன்று கெஜம், ஐந்து கெஜம், இரண்டு. டேல் எறிந்தார், பிடித்தார்கள், பாய்ந்து முன்னேறினார். நான் மறுபடியும் மண்ணைக் கிளறிக்கொண்டு நகர்ந்தேன். ஒரு இடத்தில் நாலாவது வாய்ப்பு, ஒரு கெஜம் பாக்கி. எப்போதும் இந்த இடத்தில் நான் பந்தை உதைத்துக் கொடுத்துவிடுகிறவன், எதற்கு வம்பு, நீங்கள் ஆடுங்கள் என்று. அன்று கொடுக்கவில்லை, ஓடினேன். அந்த ஒரு கெஜம் கிடைத்தது. டேல் சோபாவை ஓங்கிக் குத்தினார், ஊன்றுகோல் உருண்டு விழுந்தது. நான் எடுத்துக் கொடுக்கக் குனியவில்லை, குனியாமல் இருப்பதற்கு இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கடைசி நிமிடத்துக்கு வந்தோம். நான் முன்னிலை, பந்து என்னிடம், அவருடைய எல்லைக்கு மிக அருகே. இன்னொரு ஓட்டம், இன்னும் புள்ளிகள். உண்மையாக ஆடுவது என்றால் இதுதான் என்று பொத்தானை அழுத்தப் போனேன்.

"நில்" என்றார் டேல். "இனி ஓடாதே. முட்டி போடு."

துடியலூர்ப் பள்ளியில் முட்டி போட்டு வளர்ந்தவன் நான். வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் வராந்தாவில், பேசினால் வெயிலில். இத்தனைக்கும் பிறகு மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். நியாயம்தான் என்றும் நினைத்தேன். கன்ட்ரோலரை வைத்துவிட்டுத் தரைவிரிப்பைப் பார்த்தபடி எழுந்தேன்.

"உன்னை இல்லை, உன் ஆளை" என்று அவர் கத்தினார். பிறகுதான் விளங்கச் சொன்னார். ஜெயித்தாகிவிட்டது என்று தெரிந்த பிறகு மேலும் மேலும் புள்ளி சேர்ப்பது இங்கே மரியாதை கிடையாது. பந்தை வாங்கி, ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, கடிகாரம் ஓடி முடியும்வரை சும்மா இருக்கவேண்டும். திரையில் என் ஆள் பந்தை வாங்கினான், ஒற்றை முட்டியில் குனிந்தான். எதிரணி ஆட்கள் அவனைத் தொடவில்லை. "பார்த்தாயா, உங்கள் ஊரில் மட்டும்தான் விட்டுக்கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாயா?" என்றார் டேல். "என்னால் இனி இந்த ஜென்மத்தில் முட்டி போட முடியாது. நீதான் போடவேண்டும்."

ஆக இவர்களிடமும் இருக்கிறது. நாங்கள் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே எல்லா மரியாதையையும் செலவழித்துவிடுகிறோம், இவர்கள் கடைசி நிமிடம்வரை பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் ஒரு நல்ல மனிதரை நாலு சனிக்கிழமை நோகடித்துவிட்டேன். மேலே வந்ததும் டேல் ஆப்பிள் பை என்கிற இனிப்புப் பண்டத்தை எடுத்து வைத்தார். "ஒரு துண்டு?" என்றார். இந்த நாட்டில் ஒரு தடவைதான் கேட்பார்கள் என்பதைப் பட்டினி கிடந்து கற்றவன் நான். சட்டென்று வேண்டும் என்றேன். அவர் கரண்டியோடு அப்படியே நின்றார். "இன்னும் இரண்டு தடவை கேட்கலாம் என்று தயாராக இருந்தேனே" என்றார். அவர் மனம் கோணக்கூடாது என்று, வேண்டாங்க என்றேன். "நிச்சயமாக வேண்டாமா?" என்றார். வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை, பெரிய துண்டாக வெட்டி என் தட்டில் போட்டார். வெள்ளகோவிலில் பிறந்திருக்க வேண்டியவர்.

போன ஆடிக்கு நானும் கவிதாவும் ஊருக்குப் போயிருந்தோம். வெள்ளகோவிலில் சாயங்காலம், ஹாலில் அதே ஃபேன், அதே கேரம் போர்டு. மாமனாருக்கு வயதாகிவிட்டது, கை மட்டும் அப்படியே இருக்கிறது. ஒஹையோவில் அப்போது காலை நேரம். யாரும் ஜெயிக்காத அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தே தீரவேண்டும் என்று டேல் கேட்டிருந்ததால் கவிதா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரைக்குள் டேல் காப்பிக் கோப்பையோடு சோபாவில் இருந்தார். மாமனார் போனைப் பார்த்துக் கைகூப்பி, "வணக்கமுங்க, சாப்ட்டீங்களா?" என்றார். கவிதா மொழிபெயர்த்தாள். டேல் அதற்கு நேர்மையாகப் பதில் சொன்னார், இரண்டு முட்டை, ரொட்டி, காப்பி என்று.

ஆட்டம் வழக்கம்போல முடிவுக்கு வந்தது. மாமனாருக்கு ஒரு காய், எனக்கு ஒரு காய். அவர் அடித்தார், குழிக்கு ஒரு நூல் பக்கத்தில் தவறியது. தவறவைத்தார். என் முறை. மூலைக்குழிக்கு முன்னால் என் வெள்ளைக்காய் நின்றது. ஸ்ட்ரைக்கரில் விரலை வைத்தேன்.

"எப்படித் தாக்கப்போகிறாய், சாம்?" என்றது போன்.

"நிதானமா அடிங்க மாப்ள, என்ன அவசரமுங்க?" என்றார் மாமனார்.

இரண்டு குரலுக்கும் நடுவே என் விரல் ஒரு கணம் நின்றது. அடித்தேன். காய் நகர்ந்து போய்க் குழியின் உதட்டில் நின்றது. பாதி பலகைமேல், பாதி ஓட்டைக்கு மேல்.

"உழுந்துபோச்சுங்க மாப்ள, நீங்கதான் கெலிச்சீங்க" என்றார் மாமனார். "இல்லைங்க மாமா, நின்னுக்கிட்டுத்தான் இருக்குதுங்க" என்றேன். டேல், "கிட்டே காட்டு, கிட்டே காட்டு" என்று கத்தினார். கவிதா போனைக் குழிக்கு மேலே குனிந்து பிடித்தாள், "யாரும் போர்டத் தொடாதீங்க" என்றாள். மாமியார் காப்பி ஆறுகிறது என்று கூப்பிட்டார், யாரும் எழுந்திருக்கவில்லை. அடித்தது டேலின் சாமா, கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டது வெள்ளகோவில் மாப்பிள்ளையா என்று எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, காய் விழாமல் அங்கேயே நின்றது.